ஒரே பாறைமேல அஞ்சு போனு

இல்லீங்க, சிரிச்ச மூஞ்சியா எல்லாம் எனக்குப் பேச வராது. மொதல்ல அந்தக் கேமராவ அணைங்க. ஸ்மார்ட் கிளாஸ் வந்த பிறகு எங்க மாணவர்கள் ரொம்ப ஆர்வமா படிக்கிறாங்கன்னு நீங்களே எழுதிக்கினு வந்துட்டு, அதப் பாத்து சொல்லுன்னா, சொல்றதுக்கு நான் இன்னா ஆறாங்கிளாஸ் புள்ளையா? விலங்கியல் நடத்துறவ நானு. இதே காலேஜ்ல பன்னெண்டு வருஷமா கெஸ்ட் லெக்சரர். பேரு ஜெயசுதா. எழுதிக்கோங்க, எனக்கொண்ணும் பயமில்ல.

ஒக்காருங்க, ஒக்காருங்க. மெட்ராஸ்லேர்ந்து கள்ளக்குறிச்சிக்கு இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. உங்க கம்பெனி மாட்டுன பொட்டியப் பத்தி உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது.

போர்டு நல்லா இல்லேன்னு நான் சொல்லல. தவளை இதயத்த அதுல போட்டு வெரலால சுத்திக் காட்டுனப்ப, மொத நாளு நானே வாயப் பொளந்துக்கினுதான் பாத்தேன். அதுக்கு மேல ஒரு கேமரா வெச்சிருக்கீங்களே, அதச் சொல்றேன். எவன் போர்டப் பாக்குறான், எவன் பாக்கலன்னு எண்ணுதாம். தலை குனிஞ்சா கவனம் இல்லையாம். ஏங்க, நோட்ஸ் எழுதுறவன் குனியாம எப்பிடி எழுதுவான்? ரபீக்னு ஒரு பையன், பஜார்ல அவங்க அத்தாவுக்கு செருப்புக் கடை. நான் தும்முனாகூட எழுதிக்குவான். கவனம் இல்லேன்னு அவனுக்கு செவப்பு. கண்ணத் தொறந்துக்கினே தூங்குற பய ஒருத்தன் இருக்கான், அவனுக்குப் பச்ச. இப்ப எல்லாப் புள்ளைங்களும் கல்யாண போட்டோவுக்கு நிக்கிற மாதிரி வெறப்பா ஒக்காந்துக்கினு இருக்குதுங்க. எழுதுறத வுட்டுட்டாங்க. வயிறு எரியுதுங்க எனக்கு.

புள்ளைங்களுக்கு மட்டும் மார்க் போட்டா போவுதுன்னு வுட்டுடலாம். எனக்கும் போடுதுங்களே! என் கிளாஸ்ல எத்தினி பேரு உங்க போன் ஆப்புல கேள்விக்குப் பதில் சொல்றாங்களோ, அதான் என் மார்க்கு. எழுவத்தஞ்சு சதவீதம் வந்தாதான் அடுத்த செமஸ்டருக்கு ஆர்டர். கம்மியாச்சுன்னா வூட்டுக்குப் போவ வேண்டிதான். பன்னெண்டு வருஷம் நின்ன காலு, அந்தப் பொட்டிக்கு இன்னா தெரியும்?

இன்னாது? ஆமாங்க, அந்த அஞ்சு பேரு விஷயம்தான். உங்க காதுக்கும் வந்துட்டுதா? இன்னான்னு சொன்னாங்க, காப்பி அடிச்சாங்கன்னா? சொல்லுவாங்க, நாக்குல நரம்பா இருக்குது. நான் சொல்றேன் கேளுங்க.

சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க ஆப்புல நாலு கேள்வி வருது. ஆறரைக்கு மூடிக்கும். டவுன்ல இருக்கிறவங்க டீ குடிச்சிக்கினே தட்டிடுவாங்க. இந்த அஞ்சு பேரும் கல்வராயன் மலைங்க. வெள்ளிமலையில பஸ்ஸ வுட்டு எறங்கி நாலு கிலோமீட்டர் நடந்தாதான் அவங்க ஊரு. ஊருக்குள்ள டவர் கெடையாது. கோயிலுக்குப் பின்னாடி ஒரு பாறை இருக்குது, அதுமேல ஏறி நின்னாதான் ரெண்டு கோடு வரும். இத மீட்டிங்குலயே சொன்னேன். உங்க ஆளு ஒருத்தர் வந்திருந்தாரே, கண்ணாடி போட்டுக்கினு, அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? வைஃபை போட்டுக்கச் சொல்லுங்க மேடம்ன்றாரு. மழ தூறுனா மூணு நாளைக்கு கரண்டு இல்லாத ஊருக்கு வைஃபை!

அஞ்சு பேரும் தெனம் பாறை ஏற முடியுமா? ஒருத்தி மாடு ஓட்டிக்கினு வரணும். ஒருத்தன் மரவள்ளிக் கெழங்கு மூட்டை ஏத்தப் போவணும். அதனால செந்தமிழ்ச்செல்வின்னு ஒரு பொண்ணு, அஞ்சு போனையும் ஒரு பையில போட்டுக்கினு அவ மட்டும் ஏறுவா. கேள்விய நோட்டுல எழுதிக்கினு கீழ ஓடியாருவா. மாட்டுக் கொட்டாய்ல ஒருத்தி, கெழங்குக் கொல்லையில ஒருத்தன்னு ஒவ்வொருத்தரா தேடிப் போயி, அவங்கவங்க பதில கேட்டு எழுதிக்கினு, திரும்ப ஏறி அவங்கவங்க போன்ல தட்டுவா. அரை மணி நேரத்துல ரெண்டு தபா ஏறி எறங்கணும். நீங்க ஏறுவீங்களா? என்னால ஆவாது.

நம்பிக்கை வரலியா? தோ, இந்தப் பேப்பர பாருங்க. பதில எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். தவளைக்கு இதயத்துல எத்தினி அறைன்னு கேள்வி. மூணு. செந்தமிழ்ச்செல்வி அவ போன்ல மூணுன்னு சரியா போட்டிருக்கா. கெழங்கு மூட்டை ஏத்துற சின்னராசு போன்ல நாலு. மாடு ஓட்டுற ரம்யா போன்ல ரெண்டு. காப்பி அடிக்கிறவ ஆளுக்கொரு தப்பா அடிப்பா? சரியான விடை அவளுக்குத் தெரியுதுங்க. தெரிஞ்சும், சின்னராசு சொன்ன தப்ப அவன் போன்ல தப்பாவே தட்டியிருக்கா. அப்பிடியாப்பட்ட பொண்ணுங்க அது.

உங்க பொட்டி இதெல்லாம் பாக்குதா? அஞ்சு போனு, ஒரே எடம், ஒரே நேரம். முறைகேடுன்னு செவப்புல காட்டிடுச்சு. அஞ்சு பேருக்கும் ஹால் டிக்கெட் நிறுத்திட்டாங்க. வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள வரலேன்னா செமஸ்டர் போச்சு. செந்தமிழ்ச்செல்விக்கு வூட்ல மாப்ள பாத்துக்கினு இருக்காங்க. பரிச்ச எழுதுலேன்னா தை மாசம் தாலி கட்டி அனுப்பிடுவாங்க. எம்.எஸ்சி. படிக்கணும்னு இருக்கிற பொண்ணு.

தெரியுங்க. பொட்டி தானா நிறுத்தாது, ஒரு ஆளு உள்ள போயி முறைகேடுதான்னு ஒத்துக்கணும். அந்த ஆளே திரும்பப் போயி மாத்துனாதான் மாறும், உங்க மெட்ராஸ் ஆபீஸாலயும் முடியாது. அதையும் படிச்சிட்டேன். யாரு ஒத்துக்கினதுன்னு கேக்குறீங்க, அதானே? இருங்க, அவசரப்படாதீங்க.

மொத்தமே பதினாலு பேரு கிளாஸ்ல. மலைப் புள்ளைங்க அஞ்சுல நாலு பேரு மொதல்ல பதிலே போட மாட்டாங்க. என் மார்க்கு எழுவத்தஞ்சத் தொடல. கோவத்துல நான்தான் திட்டுனேன். எல்லாரும் ஏன் ஏறணும், அஞ்சு போனையும் எடுத்துக்கினு ஒருத்தர் ஏறுனா ஆவாதான்னேன். அடுத்த வாரமே என் மார்க்கு ஜாஸ்தியாயிட்டுது. எனக்கும் சந்தோசம்தான், பொய் சொல்லல.

அப்புறம்தான் கம்ப்யூட்டர்ல அந்தக் கேள்விக் கட்டம் வந்துச்சு. யாரு லாகின்ல வரும்? கிளாஸ் எடுக்கிறவங்களுக்குத்தான் வரும். முறைகேடா? ஆமாம், இல்லை. ஆமாம்னு அமுக்குனா அத்தோட மூடிக்கும், ஒரு வார்த்தை கேக்காது. இல்லைன்னு அமுக்குனாதான் காரணம் எழுதுங்குது. எழுதுனா நேரா பிரின்சிபாலுக்குப் போவுது. எவன்ங்க இத இப்பிடி செஞ்சவன்? நான் இன்னான்னு எழுதுறது? என் மார்க்குக்காக நான்தான் சொல்லிக் குடுத்தேன்னா? அந்த வாரம்தான் என் ஆர்டர்ல கையெழுத்து. ஆமாம்னு அமுக்கிட்டேன்.

விசாரணையில பிரின்சிபால் வெங்கடேசன் சார் அந்தப் பொண்ணக் கேட்டாரு, யாரும்மா இப்பிடி செய்யச் சொன்னதுன்னு. பக்கத்து நாற்காலியிலதான் நான் ஒக்காந்துக்கினு இருக்கேன். என்னை ஒரு பார்வை பாத்தா. யாரும் சொல்லல சார், நாங்களாதான் செஞ்சோம்னா. வெளிய வந்து, சாப்ட்டீங்களா மேடம்னு என்னைக் கேக்குறா. நாலு வார்த்த திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வாங்க, இப்பிடி வாங்க. கம்ப்யூட்டர்ல லாகின் போட்டுதான் வெச்சிருக்கேன். எத அமுக்குனா அந்த ஆமாம் இல்லைன்னு திரும்பும்னு மட்டும் காட்டுங்க. காரணத்த நான் எழுதிக்கிறேன்.