புதர் நின்ற இடம்

அந்த எபிசோடு மோசம்தான். நீங்கள் உங்கள் பத்திரிகையில் எழுதியதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. மார்ஷல் டீல் பாதி நேரம் சிறை அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார். துரத்தல் என்று ஒன்று வருகிறது, சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. வில்லன் செத்துப்போன சேதியை முடிவெட்டுகிறவர் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். 'சால்ட் க்ரீக்' போன்ற ஒரு கௌபாய் தொடருக்கு அது அவமானம் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். காபி எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கிடையாது, டாக்டர் நிறுத்திவிட்டார்.

உங்களை வரச் சொன்னது கட்டுரையின் கடைசி வரிக்காக. "இந்த எபிசோடில் உருப்படியான ஒன்று உண்டென்றால், அது டெல்மர் க்ரோஸ் குதிரையோடு விழுவது, அந்த இளைஞன் உயிரைக் கொடுத்து விழுந்திருக்கிறான்." அந்த வரி தவறு. அது ஏன் தவறு என்று விளக்க வேண்டுமானால் நடந்தது முழுவதையும் சொல்லியாக வேண்டும். வேறு வழி உண்டா என்று ஒரு வாரமாக யோசித்தேன். இல்லை.

மார்ஷலாக நடித்த ராய்ஸ் ஹாட்லிக்குக் குதிரை என்றால் பயம். நிற்கிற குதிரைமேல் உட்கார்ந்து தொப்பியைத் தூக்குவார், அத்துடன் சரி. பாய்ச்சல், ஆற்றைக் கடப்பது, குண்டடி பட்டுச் சரிவது எல்லாம் நான். முகம் அவருடையது, முதுகு என்னுடையது. டூப் போடுகிறவர்களின் பெயர் அந்தக் காலத்தில் திரையில் வராது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. சம்பளம் வந்தது, வேலை பிடித்திருந்தது.

விழுவது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. விழுகிற இடத்தில் முன்கூட்டியே குழி தோண்டி, கல்லைப் பொறுக்கி, மணலும் மரத்தூளும் கொட்டி நிரப்புவோம். மேலே அக்கம்பக்கத்து மண்ணையே தூவிவிட்டால் கேமராவுக்குத் தெரியாது. பாய்ச்சலில் வருகிறவனுக்கும் தெரியாது. அதனால் குழியின் ஓரத்தில் ஒரு காய்ந்த புதரை நட்டுவைப்போம். குதிரையின் தலை புதரைத் தாண்டியதும் சேணத்தில் தொங்கும் அங்கவடியிலிருந்து காலை உருவிக்கொண்டு கடிவாளத்தை ஒரு பக்கமாக இழுக்க வேண்டும். பழகிய குதிரை அப்படியே பக்கவாட்டில் சாயும். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு அடைக்கும். விழுகிறவனுக்கு மெத்தையில் புரண்ட மாதிரி இருக்கும்.

அவரவர் மண்ணை அவரவரே தயார் செய்வதுதான் எங்கள் வழக்கம். எப்போதாவது ஒருவனுக்காக இன்னொருவன் தோண்டினால், விழுகிறவன் அதைச் சோதித்துப் பார்க்க மாட்டான். சோதித்தால், தோண்டியவன் முகத்தில் துப்பியதற்குச் சமம்.

டெல்மர் ஓக்லஹோமாவிலிருந்து வந்தான். நல்ல பையன், அதை நான் மறுக்கவே மாட்டேன். அவன் வந்த படப்பிடிப்புப் பருவத்தில் என் முழங்கால் கொஞ்சம் மக்கர் செய்தது. இயக்குநர் ஃபின்லி ஒருநாள் காலை எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"வெர்ன், முட்டி எப்படிய்யா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லாருக்கிற முட்டியோடவா வேன்ல ஏற மூணு பேர் தோளைப் புடிக்கிற?"

சிரித்தார்கள். ஹாட்லிகூடச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"இந்த வாரம் டெல்மர் விழட்டும். அவனுக்குக் காலைல தெருச் சண்டை எடுக்கணும், நேரம் இருக்காது. மண்ணை மட்டும் நீ பாத்துக்க."

உடைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் என் தோல் மேல்சட்டையை வாங்கிக்கொண்டுபோய் அவனுக்குப் போட்டுவிட்டாள். ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. படப்பிடிப்பு நடந்த மலையடிவாரத்தில் நின்று பார்த்தேன். பின்னாலிருந்து பார்த்தால் மார்ஷல் டீல் நடந்து போனார்.

அந்தக் குழி என் வாழ்நாளில் நான் தோண்டியவற்றில் சிறந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் திருப்தியாக இருக்கிறது. மண்ணை இரண்டு முறை சலித்தேன். முடித்த பிறகு புதரைப் பிடுங்கி, அவன் வரப்போகிற திசையில், குழிக்கு இரண்டு குதிரை நீளம் முன்னால் நட்டேன். அங்கே விரல் கனத்துக்குப் புழுதி, அதன் கீழே பாறை. அந்தப் பாறை இருப்பதால்தான் நான் பல வருடமாக அந்தப் பக்கம் விழுந்ததே இல்லை. அது இருப்பது எனக்கு மட்டும் தெரியும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டெல்மர் வந்தான். கையில் ஒரு தட்டு, அவன் மனைவி லொரெட்டா சுட்டுக் கொடுத்த பீச் பழப் பலகாரம். அவள் அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி.

"அண்ணே, இது உங்களுக்குன்னு தனியா குடுத்துவிட்டா. எனக்கே ஒரு துண்டுதான்."

நான் கையை வேலைச்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். "மண்ணு தயார். வேணும்னா புதர்கிட்டப் போயி மிதிச்சுப் பாத்துக்க."

"சும்மா இருங்கண்ணே. உங்க மண்ண நான் மிதிச்சுப் பாத்தேன்னு தெரிஞ்சா, இங்க ஒரு பய எனக்குக் காபி ஊத்த மாட்டான்." பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க இடத்துல நிக்கிறதே ஒரு மாதிரியா இருக்கு. முட்டி சரியானதும் நீங்களே எடுத்துக்கங்கண்ணே" என்றான்.

கவனித்தீர்களா, நான் மிதித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு தடவை குதிகாலை ஊன்றியிருந்தால் போதும். வாய்ப்பு கொடுக்காதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. பலகாரம் நன்றாக இருந்தது.

தோள் எலும்பு முறியும், ஒரு பருவம் வீட்டில் இருப்பான் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் குழி தோண்டியே வயதான ஒருவனுக்கு, பாய்ச்சலில் வருகிற உடம்பைப் பாறை என்ன செய்யும் என்று தெரியாமலா இருக்கும்? தெரியும்.

அழகாக வந்தான். புதரைத் தாண்டியதும் இழுத்தான், சரியான கணத்தில். எல்லோரும் டெல்மரை நோக்கி ஓடினார்கள். நான் புதரை நோக்கி நடந்தேன். குழியின் ஓரத்தில் பழைய இடத்தில் அதை நட்டுவிட்டு, பிறகு நானும் ஓடினேன். கழுத்து. உடனே போய்விட்டான். குதிரைக்கு முன்னங்கால் ஒடிந்திருந்தது, சுட வேண்டியதாயிற்று. நானே பழக்கிய குதிரை அது. அதற்காக மட்டும் எனக்கு இன்றும் மனம் வலிக்கும்.

ஃபின்லி குழிக்குள் பூட்ஸ் காலை விட்டுப் பார்த்தார். கணுக்கால் வரை இறங்கியது.

"பஞ்சு மாதிரி பண்ணி வச்சிருக்கான்யா வெர்ன். இந்தப் பய அவசரப்பட்டு முன்னாடியே இழுத்துட்டான்."

அதுவே எல்லோர் வாயிலும் நிலைத்தது. கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. அந்தச் சுருளைப் போட்டுப் பார்த்திருந்தால் புதர் எங்கே நின்றது என்று தெரிந்திருக்கும். செத்தவனுக்கு மரியாதை என்று தயாரிப்பாளர் யாரையும் பார்க்கவிடாமல் எரித்துவிட்டார். மரியாதை தெரிந்த மனிதர்கள், எங்கள் கூட்டத்தில் எல்லோரும்.

சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். லொரெட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பாத்தீங்களேண்ணே. அவரு அவசரப்பட்டாராமே. நெசமா?"

"சின்ன வயசும்மா" என்றேன்.

தலையாட்டினாள். பிள்ளையிடமும் அப்படித்தான் சொல்லி வளர்த்தாள் என்று கேள்விப்பட்டேன். அப்பா நல்ல குதிரைக்காரர், கொஞ்சம் அவசரக்காரர்.

அதற்குப் பிறகு அந்த மலையடிவாரத்துக்குத் திரும்பிப் போக ஒருவரும் சம்மதிக்கவில்லை. மீதிக் கதையை அரங்கத்துக்குள்ளேயே சிறை அறை போட்டுப் பேசித் தீர்த்தார்கள். உங்கள் ஏமாற்றத்துக்குக் காரணம் அதுதான். ஆனால் மார்ஷல் விழாமல் கதை நகராது. எனவே பழைய எபிசோடு ஒன்றிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டினார்கள். நீங்கள் கூர்மையாகப் பார்க்கிறவர், இதை எப்படித் தவறவிட்டீர்கள் என்று தெரியவில்லை. பாய்ந்து வருகிற குதிரைக்கு நான்கு காலும் கறுப்பு. விழுகிற குதிரைக்குப் பின்னங்கால் ஒன்று வெள்ளை. தொப்பியின் பட்டைகூட வேறு.

அந்தத் துண்டை நான் இத்தனை வருடத்தில் எத்தனை தடவை பார்த்திருப்பேன். தூசி எழும்புவதற்கு முன் ஒரு கணம், முதுகு முழுவதும் வெளிச்சத்தில் இருக்கும். அதைவிடச் சுத்தமாக யாரும் விழுந்ததில்லை. டெல்மர் அப்படி விழுந்திருக்க முடியாது.

காபி ஆறிவிட்டது, கோப்பையைக் கீழே வையுங்கள். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? நல்லது. போலீசிடம் போவதானால் போங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன். லொரெட்டாவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். பெயர் புகழுக்கு ஆசைப்பட்டவன் நான் இல்லை. அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும் போடுங்கள். டெல்மர் க்ரோஸைக் கொன்றது வெர்ன் ஸ்டக்கி என்று எழுத இடம் இல்லாவிட்டால் அதை விட்டுவிடுங்கள். அந்த எபிசோடில் விழுந்தது வெர்ன் ஸ்டக்கி என்று மட்டும் போட்டால் போதும்.