ஆற்றுக்கு வணக்கம்

சொன்ன விலைக்கே புடவை வாங்கிப் போகிறவரை எங்கள் பெங்களூர் சிக்பேட்டையில் யாரும் மதிப்பதில்லை, சார். அப்பாவின் ஜவுளிக் கடையில் நான் கற்றது இதுதான்: பேரம் எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கட்டும், கொடுத்த வாக்கிலிருந்து மட்டும் கடைக்காரன் இறங்கக்கூடாது.

அந்தப் புத்தியோடுதான் காவேரிக் கரைக் காட்டில் விடுதி கட்டினேன். கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோடு இல்லை. கடைசித் தூரம் பரிசலில்தான் வரவேண்டும். தொண்ணூற்றொன்பதில் பெங்களூர் சாஃப்ட்வேர்க்காரர்கள் ஒவ்வொரு 'இல்லை'க்கும் கூடுதலாகவே கொடுத்தார்கள். இருப்பதாக நான் சொன்னது ஒன்றே ஒன்று: எங்களிடம் வந்தால் முதலை பார்க்காமல் திரும்பமாட்டீர்கள்.

இந்த ஒப்பந்தம் முதலைக்குத் தெரியாதல்லவா? தெரியப்படுத்தினேன். விருந்தாளிகள் இல்லாத நாட்களில் படித்துறையில் நின்று, கட்டியிருக்கும் பரிசலை உள்ளங்கையால் தட்டுவேன். கோழிக் கழிவை வீசுவேன். மாதக்கணக்கில் பழக்கினேன். பிறகு வெறுமனே தட்டினாலே வந்தது. விருந்தாளிகளிடம், "இது பழங்குடிகள் ஆற்றுக்குச் செய்யும் வணக்கம்" என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை வனஜா மேடம் தன் கம்பெனி ஆட்களோடு வந்திருந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் வருஷம் முழுக்க அந்தக் கம்பெனி எங்களுடையது. பிடிக்காவிட்டால் விடுதியைப் பாங்க் எடுத்துக்கொள்ளும். தட்டினேன். முதலை வரவில்லை.

"என்னங்க, முதலைக்கும் வீக்எண்ட் லீவா? பன்னேர்கட்டா ஜூவுக்கே போயிருக்கலாம். அங்க கூண்டுலயாவது இருந்திருக்கும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். உரக்கச் சிரித்தவன் அவர் ஆபீஸ் தியோடர், ஆஸ்டின் டவுன்காரன்.

"உங்க கை ராசியில்ல, குரு. சும்னே இருங்க, நான் கூப்பிடறேன்."

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பரிசலைத் தட்டத் தொடங்கினான். சர்ச்சில் டிரம்ஸ் வாசிப்பவனாம். தாளம் சுத்தமாகவே இருந்தது.

எதிர்க்கரை நாணலிலிருந்து தண்ணீரில் ஒரு கோடு புறப்பட்டதை முதலில் பார்த்தவன் நான். அவசரமில்லாமல் வந்தது. 'மேலே வா' என்று சொல்ல நேரம் இருந்தது. இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் கத்தினால், வணக்கத்துக்கு வரும் முதலைக்கு ஏன் பயம் என்பார்கள், இரைக்காகத்தான் வருகிறது என்று தெரிந்துவிடும். வணக்கத்தின் குட்டு உடையும். அதோடு, வனஜா மேடம் அப்போதுதான் கேமராவை உறைக்குள் வைக்கப் போனார்.

நான் வாயே திறக்கவில்லை என்று கம்பெனி ஆட்கள் உங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். அது தவறு. திறந்தேன்.

"மேடம், கேமராவை உள்ள வெக்காதீங்க. அதோ, அங்க பாருங்க" என்றேன்.

பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். தியோடர்தான் கடைசியாகப் பார்த்தான்.

நேற்று அவன் மனைவி மௌரீன் இங்கே வந்திருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே, அண்ணா?" என்று கேட்டார். பாவம், வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவரில்லை. விளக்கினாலும் புரிந்திருக்காது.

கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் வாக்குமூலத்தில் 'விருந்தாளிகளை ஏமாற்றி' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அதை மட்டும் அடித்துவிடுங்கள், சார். முதலையைக் காட்டுகிறேன் என்றேன். காட்டினேன்.