நெய்யில ஏது பாலு?

ஆரணியிலிருந்து செய்யாறுக்குப் போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவளின் குரல் நடத்துநரின் விசிலையும் தாண்டிக் கேட்டது.

"சீஸே போடாத பீட்சா மேல நெய்ய ஊத்திட்டா அக்கா, எங்க நாத்தனா!"

"அய்யய்யே! உம் பையனுக்குத்தான் பால் ஆவாதே?"

"அதுக்குத்தானக்கா அவ்ளோ பாடு. ஈஸ்ட் போட்டு மாவு பிசைஞ்சு, சீஸுக்குப் பதிலா முந்திரி ஊறவெச்சு அரைச்சு, தோசைக்கல்லுல மூடி போட்டு வேக வெச்சேன். நான் தண்ணி புடிச்சிகினு வர்றதுக்குள்ள நெய்ய ஊத்தி ஊட்டியும் வுட்டுட்டா. கேட்டா, 'நெய்யில ஏது பாலு அண்ணி? புள்ளைக்கு வெறும் ரொட்டியவா குடுப்பாங்க?'ன்றா. அவனுக்கு மூஞ்சி வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடினோம்."

"இப்ப எப்டிக்கீறான்?"

"நல்லாக்கீறான். மறுநாள் அவனப் பாக்க வந்துட்டா அக்கா. கையில பன்னு, பிளாஸ்க் நிறைய பாலு! 'புள்ள தெம்பா எழுந்திருக்கட்டும், குடு அண்ணி'ன்றா."

"நீ இன்னா பண்ண?"

"அவ எதிர்லயே நின்னுகினு மொத்தத்தயும் நானே குடிச்சிட்டேன்."