பிஷ்கெக்கில் இல்லாத கடைசல் இயந்திரம்

கீவ் நகர விசாரணை அதிகாரி முன் தானாக வந்து ஆஜரான சாட்சி கூறியதாவது:

என் பெயர் லெஸ்யா ஹ்னாத்யுக், தகப்பனார் போஹ்தான், வயது 48, கீவ் பொடில் பகுதியில் வசிக்கிறேன். இயந்திரப் பொறியியல் பட்டதாரி. பல நாடுகளில் கிளைகள் உள்ள ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் கீவ் அலுவலகத்தில், தொலைபேசி வழியே பழுது நீக்க உதவும் வேலையில் இருக்கிறேன். எங்கள் கடைசல் இயந்திரத்தை நிறுவிய இடத்திலிருந்து நகர்த்தினால் அது தானே பூட்டிக்கொள்ளும். திறப்பதற்கு நாங்கள்தான் எண் கொடுக்க வேண்டும். போர் தொடங்கிய பின் ரஷ்யாவுக்கு எண் கொடுப்பதில்லை என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது.

2024 மார்ச் 21 காலை, ரஷ்யாவுக்கு வெளியே மத்திய ஆசியாவில் உள்ள பிஷ்கெக்கில் கதவுப் பூட்டு செய்யும் பட்டறையிலிருந்து பேசுவதாக உலான் என்பவர் அழைத்தார். "ஒரே கூரைக்குள்ள கொஞ்சம் தள்ளி வச்சோம், அதுக்கே கோவிச்சுக்கிச்சு அக்கா" என்றார். பின்னால் பல இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது. கதவுப் பூட்டுக்கு அவ்வளவு பெரிய இயந்திரம் எதற்கு என்று விற்றபோது யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. நான் இரண்டு ஆண்டுகள் பிஷ்கெக்கில் வேலை பார்த்தவள். அன்று அங்கே நவ்ரூஸ் என்னும் புத்தாண்டுப் பெருநாள், ஊரே தெருவில் இருக்கும். ஆகவே, "பெருநாளும் அதுவுமா வேலையா?" என்று கேட்டேன். "எந்தப் பெருநாள்?" என்றார். அதன் பின்னர் போன் கேமராவைப் போட்டு ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அதன் பின்னர் மேலாளர் வித்தாலி செம்ப்ராக்கிடம் சென்று, இயந்திரம் ரஷ்யாவில் பீரங்கிக் குண்டு கடைய நிற்கிறது என்று சந்தேகிப்பதாகச் சொன்னேன். "லெஸ்யா போஹ்தானிவ்னா, உங்களுக்கு டீ கெட்டிலுக்குள்ளகூட உளவாளி தெரிவான். பிஷ்கெக்குக்குத்தான் வித்தோம், நமக்கு அது போதும்" என்றார். "அப்ப எண்ணை உங்க பேர்லயே குடுங்க" என்றேன். "ஏன், என்னை உள்ள தள்ளவா?" என்று சிரித்தார். அதன் பின்னர் இரண்டு நாள் வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார்.

நான் பணிக்குத் திரும்பிய அன்று உலான் மறுபடி அழைத்தார். "ஓடுது அக்கா! அன்னைக்கு மிரட்டுனாலும் கடைசில மனசு இறங்கிட்டீங்க."

"நான் ஒண்ணும் குடுக்கலையே."

"உங்க பேர் போட்டுத்தானே வந்துச்சு?"

அதன் பின்னர் கணினியில் நுழைய முயன்றேன். என் கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது. அதன் பின்னர் ரஷ்யக் குண்டுகள் விழும் கார்கிவில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்து, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். அதன் பின்னர் நேராக இங்கு வந்தேன்.

எதிரிக்கு உதவியதாக என்னைக் கைது செய்ய முகாந்திரம் இருப்பதை அதிகாரி எனக்கு விளக்கினார். புரிந்துகொண்டேன். அந்த எண்ணை நான் கொடுக்கவில்லை. எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்தேன், நான் சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை. இந்தத் தாளில் என் பெயரை நானே எழுதுகிறேன்.

(ஒப்பம்) லெஸ்யா ஹ்னாத்யுக்