எந்தத் தோளில் சாக்கு

எண்பதுகளில் ஒரு மாலை, மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் மிளகுக் கிடங்கில் சுமை தூக்கும் இருவர். மூத்தவர் இடது கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"இந்தக் கை என்னுதே இல்லைன்னு தோணுது தம்பி."

"என்னண்ணே ஆச்சு?"

"சாக்கு தூக்குறவனுக்கு வலிக்காம இருக்குமா? நெஞ்சுல ஆரம்பிச்சு முழங்கை வரைக்கும் இழுக்குது. கொஞ்சம் உக்காந்தா விட்டுரும்."

"எப்ப இருந்து?"

"ஓணம் கழிஞ்சதுல இருந்து. மாடி ஏறினாலும் வருது. மத்தியானம் கப்பைக்கிழங்கு வேற தின்னேன், வாயுவா இருக்கும். ஒரு சுக்குச் சாயா, ஒரு பீடி, சரியாயிரும்."

இளையவர் அவர் தேய்க்கும் கையையே பார்த்தார்.

"அண்ணே, நீங்க எந்தத் தோள்ல சாக்கு வைப்பீங்க?"

"இது என்ன கேள்வி? வலது தோள்லதான். இத்தனை வருஷம் கூட நின்னு பாத்ததில்லையா?"

சொன்னவர் தன் இடது கையைக் குனிந்து பார்த்தார். தேய்ப்பது நின்றுவிட்டது.

சுள்ளிக்கல் நிறுத்தம் வந்ததும் மூத்தவர் வீட்டுக்குப் போக எழுந்தார். இளையவர் அவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"சேட்டா, நாங்க இங்க இறங்கல. எர்ணாகுளம் ஆசுபத்திரிக்கு ரெண்டு டிக்கெட்டு."

மூத்தவர் மறுக்கவில்லை.