வெறும் முள்ளில் மாட்டிய விரால்

கும்பகோணத்தில் குடவாசல் பஸ் கிளம்பியதும், எனக்கு முன் சீட்டில் தூண்டில் கம்போடு இருந்தவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: “இன்னிக்கு ஒண்ணும் மாட்டக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுதாங்க போனேன்.”

“மாட்டக் கூடாதா?”

“புரட்டாசி. வீட்ல மீனை உள்ள விட மாட்டாங்க. அதான் புழுவே வைக்காம வெறும் முள்ளைப் போட்டேன்.”

“அதுக்கு வீட்லயே இருந்திருக்கலாமே?”

“ஞாயித்துக்கிழமைங்க. மதகுல தண்ணி வேற நல்லா ஓடுது. எப்படி இருக்கறது?”

அவர் காலடியில் இருந்த ஈரச் சாக்குப்பை துள்ளியது. பக்கத்து ஆள் காலைத் தூக்கிக்கொண்டார்.

“விரால். முள்ளை இழுக்கறப்ப வந்து கவ்விடுச்சு.”

“திருப்பி விட்டிருக்கலாமேங்க?”

“இவ்ளோ பெரிய விராலையா? வருஷம் பூரா தவளை கோத்துப் போட்டும் மாட்டலைங்க. நீங்க எடுத்துக்கறீங்களா?”

“எங்க வீட்லயும் புரட்டாசிதான். குடவாசல்ல யாருக்காவது குடுக்கறதுதானே?”

“அங்க யாரையும் தெரியாதுங்க. என் வீடு கும்பகோணத்துலதான்.”

“அப்ப இந்த பஸ்ல?”

“வீட்டுக்குப் போக முடியாதேன்னு ஏறிட்டேன்.”

குடவாசலில் எல்லோரும் இறங்கினோம். அவர் மட்டும் உட்கார்ந்தபடி கண்டக்டரிடம் கேட்டார்: “இது திரும்ப கும்பகோணம்தானே போகும்?”