எம்பார் விட்ட இடத்தில்

வேலை நாள் என்றும் பாராமல் வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் ஆதிநாராயணன் அவர்களே, மறைந்த எம்பார் சுவாமியின் துணைவியார் மைத்ரேயி அம்மா அவர்களே, எம்பாரின் தம்பி, கோயில் கைங்கரியத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் ஸ்ரீராமன் சுவாமி அவர்களே, பள்ளிப்பட்டிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்திருக்கும் இளமதி டீச்சர் அவர்களே, சிப்காட்டில் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடிவந்திருக்கும் தோழர்களே!

மேடையில் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதை ஏன் வைத்திருக்கிறோம் என்று சிலர் முணுமுணுத்தீர்கள். அது எம்பாருடையது. அவர் போன நாளிலிருந்து அதை நாங்கள் அணைக்கவில்லை. வீட்டிலிருந்து இங்கே கொண்டுவரும்போதும் அணைக்கவில்லை. யுபிஎஸ்ஸோடு சேர்த்து ஆட்டோவில் ஏற்றி, அது வழி நெடுகப் பீப் பீப் என்று கத்த, மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். “இன்னா சார், ஆஸ்பத்திரி மிஷினா?” என்று கேட்டார். என்ன சொல்வேன்? ஆமாம் என்பதா, இல்லை என்பதா?

என் பெயர் வெங்கடேசன். ஊர் எளாவூர். கும்மிடிப்பூண்டியில் கம்பி ஆலையில் ஸ்பேர் ஸ்டோர் பார்க்கிறேன். எம்பார் அதே ஆலையில் மின் பிரிவு மேற்பார்வையாளர். நெற்றியில் திருமண், கையில் டெஸ்டர், சட்டைப் பையில் பென்டிரைவ். எங்கள் கட்டற்ற மென்பொருள் வட்டத்தைத் தொடங்கியவர் அவர். ஆலைகள் கழித்துப் போடும் கம்ப்யூட்டர்களை வாங்கி, தூசி தட்டி, லினக்ஸ் போட்டு, கிராமத்துப் பள்ளிகளுக்குக் கொடுப்பது எங்கள் வேலை. அதை வேலை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். “கைங்கரியம்னு சொல்லுடா, வாய் வலிக்கறதா?” என்பார்.

லினக்ஸ் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஒரு முகம் தெரிகிறதே, பட்டை, படம், பொத்தான், ஜன்னல், நாங்கள் மேசை என்று சொல்லும் அந்த முகத்தை லினக்ஸில் நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு க்னோம், ஒருவருக்கு கேடிஇ, ஒருவருக்கு எக்ஸ்எஃப்சிஇ. நான் கேடிஇ. அவர் எக்ஸ்எஃப்சிஇ. இதற்காகவா சண்டை போட்டீர்கள் என்று கேட்கிறீர்களா? இதற்காகத்தான் போட்டோம்! கேன்டீனில் போட்டோம், கம்பெனி பஸ்ஸில் போட்டோம், ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை போட்டோம். “உன் மேசை கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கறதுடா, உட்கார இடம்தான் இல்லை” என்பார். “உம்ம மேசை இன்னா சாமி, காலி பண்ண ஊடு மாதிரி கீது” என்பேன் நான். இரண்டு பேரும் அசையவே மாட்டோம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். இத்தனை பிடிவாதக்காரர், தன் விருப்பத்தை அடுத்தவர் மேசையில் ஒரு நாளாவது திணித்திருப்பாரா? திணித்ததில்லை! எளாவூர்ப் பக்கம் ஒரு எடைமேடையில் கெங்கம்மாள் என்று ஒரு அம்மா. இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார்கள். லாரி எடை பதியும் கம்ப்யூட்டரை மாற்றப் போனோம். நான் மளமளவென்று நிறுவ ஆரம்பித்தேன். எம்பார் என் கையைப் பிடித்துவிட்டார். “முதல்ல அவங்களைக் கேளு.”

“அம்மா, பட்டை மேல இருக்கணுமா, கீழ இருக்கணுமா?” என்று கேட்டார்.

கெங்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என்னை எவன் சாமி இதெல்லாம் கேட்டான்? கீழயே வையி. மேல பார்த்துக்கினே இருந்தா கழுத்து புட்டுக்குது. எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா வையி, லாரிக்காரன் பேஜார் பண்றான்” என்றார்கள்.

கீழே வைத்தார். பெரிதாக வைத்தார். யார் கேட்பார்கள் எடைமேடையில் உட்கார்ந்திருப்பவரிடம், உனக்கு எது வசதி என்று? எம்பார் கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் யார் கேட்பார்கள், உனக்கு என்ன நிறம் வேண்டும் என்று? எம்பார் கேட்டார். ஒரு பொண்ணு மயில் படம் வேண்டும் என்றாள். பள்ளிப்பட்டு வயல்வெளியில் வண்டியை நிறுத்தி, மயில் பின்னாலேயே ஓடிப் படம் எடுத்து வந்து போட்டார். வேட்டி முழுக்க நெருஞ்சி முள்.

எங்கள் சண்டையின் தலையாய விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்எஃப்சிஇயில் அணைக்கப் போகும்போது ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் டிக் போட்டால், அடுத்த முறை திறக்கும்போது விட்டுப்போன ஜன்னல்கள் அத்தனையும் விட்ட இடத்திலேயே வந்து நிற்கும். எடுத்துவிட்டால் மேசை காலியாக வரும். எனக்குக் காலியாக வர வேண்டும். நேற்றைய எச்சில் இலையில் இன்றைக்குச் சோறா என்பேன். அவர் ஒரு நாளும் டிக்கை எடுக்க மாட்டார். “புஸ்தகத்தை மூடும்போது அடையாளம் வெச்சுட்டுத்தானேடா மூடறோம்? நீ மட்டும் ஏன் தினமும் முதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கறே?” என்பார்.

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. லினக்ஸில் புது வெளியீடு எது வந்தாலும் முதலில் எம்பார் மேசையில்தான் ஏறும். அவர் புழங்கிப் பார்ப்பார். பிடித்தது, பிடிக்காதது எல்லாவற்றையும் கட்டுரையாக எழுதி எங்களுக்கு அனுப்புவார். அதற்குப் பிறகுதான் பள்ளிகளுக்குப் போகும். அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தி எப்போதும் எனக்குத்தான். “இதற்கு வெங்கடேசன் என்ன சொல்வான் என்றால்” என்று தொடங்கி, நான் சொல்லப்போவதை அவரே சொல்லி, அதற்குப் பதிலும் அவரே சொல்லி, நான் வாயைத் திறக்கும் முன்பே அடைத்துவிடுவார். பாவி மனுஷன், ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

அன்று சாயங்காலமும் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். புது வெளியீட்டின் சோதனைப் பதிப்பைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தார். மைத்ரேயி அம்மா காபி கலந்து எடுத்துக்கொண்டு வருவதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது. நாற்காலியிலேயே! கை விசைப்பலகை மேலேயே! திரையில் கடைசி வரி என்ன தெரியுமா?

“இதற்கு வெங்கடேசன் என்ன சொல்வான் என்றால்”

அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தச் சின்னக் கோடு துடித்துக்கொண்டிருந்தது. இப்போதும் துடித்துக்கொண்டிருக்கிறது, இதோ பாருங்கள். நான் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. ஸ்டோரில் பேரிங் எடுத்துக் கொடுக்கும்போதும் தெரிகிறது. நான் என்ன சொல்வேன், சாமி? நீங்கள்தானே சொல்வீர்கள்?

எழுதியதை உடனே சேமித்துவிட்டோம். எழுத்து போய்விடும் என்ற பயம் இல்லை. ஆனால் அணைக்க யாருக்கும் கை வரவில்லை. அவர் திறந்துவைத்த ஜன்னல்கள், அவர் இழுத்துவிட்ட இடங்கள், அம்புக்குறி அவர் விட்ட மூலையில். அணைத்தால் அவர் எழுந்து போய்விடுவார் என்று தோன்றியது. லினக்ஸ்காரர்கள் நாங்கள், அறிவாளிகள், எதற்கெடுத்தாலும் மறுதொடக்கம் பண்ணு என்று ஊருக்கே உபதேசம் பண்ணுகிறவர்கள், ஒரு பொத்தானுக்குப் பயந்தோம்! கரன்ட் போனால் பேட்டரி தூக்கிக்கொண்டு ஓடினோம். வள்ளூர் அனல் மின் நிலையத்தில் வேலை பார்க்கும் நம் மணிகண்டன், ஊருக்கெல்லாம் கரன்ட் தயாரிப்பவர், திருவள்ளூரில் எம்பார் வீட்டுக்கு பைக்கில் பேட்டரி சுமந்தார். சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். அவரும் சிரித்திருப்பார்.

எம்பார் வீடு தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. சரக்கு ரயில் போனால் மேசை அதிரும். மேசை அதிர்ந்தால் மவுஸ் அசையும். மவுஸ் அசைந்தால் இருண்டிருக்கும் திரை சட்டென்று எழும். யாரும் இல்லாத அறையில், பட்டப்பகலில், அவர் இப்போதுதான் எழுந்துபோன மாதிரி வெளிச்சம் வரும். ஒருநாள் நான் அங்கே இருக்கும்போதே வந்தது. மைத்ரேயி அம்மா சமையல் உள்ளிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார்கள்.

“ரயில்தான்னு எனக்கும் தெரியும் வெங்கடேசன். ஆனா வெளிச்சம் வந்தா வந்து பார்க்கறேன். ஒவ்வொரு தடவையும் வந்து பார்க்கறேன்” என்றார்கள். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்த வாசனை வந்தது. அவர்கள் நகரவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் அவரைக் காப்பாற்றவில்லை, அந்த அம்மாவைக் கட்டிப்போட்டிருக்கிறோம். அதற்குள் புது வெளியீடும் வந்துவிட்டது. திரையின் மூலையில் அறிவிப்பு தினமும் எட்டிப் பார்க்கும். “பிறகு” என்று அமுக்குவோம். எம்பார் மேசையில் ஏறாமல் பள்ளிக்கு எப்படிப் போகும்? பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது நின்றாயிற்று. இளமதி டீச்சர் போன் மேல் போன். கடைசியில் அவர்கள் கேட்டார்கள்: “சார், துக்கம் எனக்கும் இருக்குது. ஆனா பிள்ளைங்க மிஷினுக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

பதில் சொன்னவர் ஸ்ரீராமன் சுவாமி. கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர். வீட்டில் நாங்கள் எல்லோரும் கூடித் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தபோது வாசல்படியில் நின்றபடியே சொன்னார்: “பெருமாளுக்கே தினம் ராத்திரி திருக்காப்பு சேர்த்துட்டுத்தான் ஆத்துக்கு வரேன். சன்னிதியைச் சாத்தினா பெருமாள் போயிட்டார்னா அர்த்தம்? கார்த்தால திறந்தா அங்கேதானே சேவை சாதிக்கறார்? அண்ணாவை மட்டும் ஏன் தூங்கவிட மாட்டேங்கறேள்?”

மைத்ரேயி அம்மாதான் சொன்னார்கள், “சாத்திடலாம். ஆனா எல்லாரும் இருக்கச்சே.”

அதனால்தான் இந்த மேடை. புது வெளியீட்டை இன்று காலையிலேயே ஏற்றிவிட்டோம். உள்ளே எல்லாம் புதிது. திரையில் தெரிவது மட்டும் இன்னும் அவருடைய அந்தப் பழைய சாயங்காலம். மறுதொடக்கம் ஒன்றுதான் பாக்கி. அம்மா, வாருங்கள்.

இதோ அந்தக் கட்டம் வந்துவிட்டது. டிக் போடலாமா, எடுக்கலாமா? என் விருப்பம் ஊருக்கே தெரியும். ஆனால் முதலில் அவங்களைக் கேளு என்று கையைப் பிடித்தாரே, அந்தப் பிடி இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. இது அவர் மேசை. டிக் இருக்கட்டும், அம்மா. அமுக்குங்கள்.

அணைந்துவிட்டது.

கேட்கிறதா, இந்த இடத்துக்குப் பின்னாலும் தண்டவாளம்தான், சரக்கு ரயில் போகிறது. மேசை அதிர்கிறது. மவுஸ் அசைகிறது. திரை எழவில்லை. எழாது. அம்மா, என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கெங்கம்மா, அழுவாதீங்க.

எம்பார் சுவாமி! உம்மைச் சாட்சி வைத்துச் சொல்கிறேன். இனி எந்தப் புது வெளியீடு வந்தாலும் முதலில் இந்த மேசையில்தான் ஏறும். பார்த்துவிட்டு நான் எழுதுவேன். எந்த மிஷினில் கை வைக்கும் முன்பும், பட்டை மேலேயா கீழேயா என்று கேட்பேன். கேடிஇயை மட்டும் விட மாட்டேன், அதை எதிர்பார்க்காதீர்.

வந்துவிட்டது. பாருங்கள்! இடது ஓரத்தில் அவருடைய பட்டை. அதோ மயில் படம். ஒவ்வொன்றாக வருகிறது, அதது அதன் இடத்தில். கடைசியாக அவர் எழுதியது. அதே வரி. அதே கோடு துடிக்கிறது.

டீச்சர், கிளம்பிவிடாதீர்கள், பள்ளிக்கான பதிப்பைக் கையோடு வாங்கிக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால் இந்தக் கட்டுரையை முடிக்க வேண்டும், அதுதானே நம் வழக்கம். பேசியது போதும் தோழர்களே. ஸ்ரீராமன் சுவாமி, அந்த நாற்காலியை இப்படிக் கொஞ்சம் தள்ளுங்கள். இதற்கு வெங்கடேசன் என்ன சொல்வான் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.